கடனுக்குக் கையெழுத்து உண்டு, கணக்கில் பெயர் இல்லை

திருப்பூர்ப் பக்கம் இருபது மெஷின் ஓடும் ஒரு பனியன் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் பிடிப்பதும் துணி எடுப்பதும் பையருக்குப் பதில் சொல்வதும் கணவன். செக்கிங் டேபிளில் நின்று டேமேஜ் பீஸைப் பிரிப்பதும், சனிக்கிழமை சாயங்காலம் பீஸ் ரேட் கணக்குப் பார்த்துச் சம்பளம் பட்டுவாடா செய்வதும், வராத டெய்லரை வீடு தேடிப் போய்க் கூட்டிவருவதும் மனைவி. பதினைந்து வருடம் இப்படி ஓட்டிய பிறகு இருவரும் பிரிவது என்று முடிவாகிறது. யூனிட் யாருக்கு?

இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் எழும் முதல் கேள்வி, "அம்மிணி என்னங்க மொதல் போட்டுச்சு?" பெண்ணின் அப்பா சொல்வார்: "எம்பட புள்ளை நகையை அடகு வெச்சுத்தானுங்களே மொத ஓவர்லாக் மெஷின் எறக்குனது?" அடுத்த கேள்வி, "அதுக்கு ரசீது இருக்குதுங்களா?" பெரும்பாலான வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது.

சட்டமும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உண்டாக்கியதெல்லாம் இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு இந்தியாவில் பொதுவாகக் கிடையாது. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டம் நடப்பில் உள்ள கோவாவில் அது உண்டு, நம்மிடம் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு, திருமணத்தை ஒட்டி வந்த, இருவருக்கும் சேர்த்து உரிய பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. பாத்திரம், பீரோ, கட்டில் வரை அது வரும். பவர்டேபிள் வரை வராது. 25-வது பிரிவின்படி கிடைக்கும் நிரந்தர ஜீவனாம்சம் கணவனின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்து நிர்ணயிக்கப்படும் தொகை. தொழிலில் பங்கு என்று அதற்கு அர்த்தமில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மனைவிக்கு 12 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டபோதும், ஜீவனாம்சம் என்பது கணவனின் செல்வத்துக்குச் சமமாக மனைவியை உயர்த்துவதற்கான வழி அல்ல என்று தெளிவாகவே சொன்னது.

ஆக, பங்குதாரர் ஒப்பந்தத்திலோ கம்பெனியின் பங்குகளிலோ பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது.

ஆனால் அதே மனைவியின் கையெழுத்து ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும். அது வங்கியில். மெஷின் வாங்க டேர்ம் லோன், நூலுக்கும் துணிக்கும் கேஷ் கிரெடிட் என்று எது வாங்கினாலும், "மேடத்தையும் கூட்டிட்டு வாங்க, ஜாமீன் கையெழுத்துப் போடணும்" என்று மேனேஜர் சொல்வது வழக்கம். அவரும் போய், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் அவசரத்தில் கிளம்பிவிடுவார். படித்துப் பார்க்க யாரும் நேரம் கொடுப்பதில்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடன்காரரின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு கணவன் மனைவி உறவை முடிக்கும். வங்கிக்கும் அவருக்கும் உள்ள உறவைத் தொடாது. பிரிந்துபோய் நாலு வருடம் கழித்து முன்னாள் கணவனின் கணக்கு வாராக்கடன் ஆனால், நோட்டீஸ் இவர் வீட்டுக்கும் வரும். பிறந்த வீட்டு இடத்தை அடமானமாக வைத்திருந்தால், 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி வங்கி அந்த இடத்தின் மேல் கைவைக்கும். லாபத்தில் பெயர் இல்லாதவரை நஷ்டத்துக்கு மட்டும் கூப்பிடும் இந்த ஏற்பாட்டை அநியாயம் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தந்த தீர்ப்பை நினைவுகூர வேண்டும். கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் ஊரில் வாங்கிய சொத்து யாருடையது என்ற வழக்கு. மனைவி இருபத்து நாலு மணி நேரமும் வீட்டைக் கவனித்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது. எனவே அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. இல்லத்தரசியின் உழைப்பைக் கணக்கில் எடுக்கச் சட்டம் இல்லை என்றாலும், எடுக்கக்கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் காட்டிய வழி. அது விவாகரத்து வழக்கு அல்ல, தொழில் பற்றியதும் அல்ல. ஆனாலும் அடுப்படி உழைப்புக்கே அந்த நியாயம் பொருந்துமென்றால், செக்கிங் டேபிளில் பதினைந்து வருடம் நின்ற உழைப்புக்குப் பொருந்தாமல் போகுமா?

இங்கிலாந்து இதே கேள்விக்கு 2000-இல் பதில் சொன்னது. சோமர்செட் பகுதியில் மாட்டுப்பண்ணை நடத்திய ஒரு தம்பதி முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தார்கள். இருவரும் பண்ணையின் கூட்டாளிகள். மொத்தச் சொத்து சுமார் 46 லட்சம் பவுண்டு. கீழ் நீதிமன்றம் மனைவிக்கு 8 லட்சம் போதும் என்றது. மேல்முறையீட்டில் அது 15 லட்சமானது. பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்ததோடு, சம்பாதித்தவர், குடும்பத்தைக் கவனித்தவர் என்று பாகுபாடு காட்ட இடமில்லை, எந்தப் பங்கீட்டையும் சமம் என்ற அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. ஒயிட் வழக்கு என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

பெயர் இருந்தாலும் சிக்கல் தீராது. யூனிட்டின் மதிப்பு எவ்வளவு என்பதில்தான் மெய்யான சண்டை. வருமான வரிக்குக் காட்டும்போது லாபம் குறைவு. வங்கியில் லிமிட் உயர்த்தக் கேட்கும்போது அதே யூனிட்டுக்கு விற்பனையும் ஸ்டாக்கும் அமோகம். குடும்ப நல நீதிமன்றத்துக்கு வந்தால் "வியாபாரமே படுத்துடுச்சுங்க" என்ற மூன்றாவது கணக்கு. மெஷின் தேய்மானம் போக ஏட்டில் சொற்பமாக நிற்கும். இடம் வாங்கிய விலையிலேயே கிடக்கும். இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆக்கியது. அந்தப் பத்திரத்துக்குப் பக்கத்தில், கணவர் மாதாமாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் கடன் விண்ணப்பத்தையும் வரவழைத்து வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவரே கையெழுத்திட்டுக் கொடுத்த எண்களை அவரால் மறுப்பது கடினம்.

பாதிப் பாதியாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. பத்து மெஷினோடு ஒதுங்குகிறவருக்குக் கட்டிங் டேபிள் இருக்காது. அங்கே வேலை பார்க்கும் டெய்லர்களுக்கும் வாரச் சம்பளம் ஆட்டம் காணும். ஒருவர் நடத்த, மற்றவருக்குப் பணம் தருவதுதான் பெரும்பாலும் வழி. கணவன் மனைவி இருவர் மட்டுமே கூட்டாளிகளாக உள்ள ஃபர்மில் ஒருவர் விலகினால் ஃபர்மே கலைந்துவிடும். தனிநபர் தொழிலாக மாற்றி, புது ஜி.எஸ்.டி. எண், புது வங்கிக் கணக்கு, பையரிடம் புதுப் பதிவு என்று எல்லாம் முதலிலிருந்து. இதற்கு அவகாசம் வேண்டும் என்பதால் நடத்துகிறவருக்கும் சமரசம் தேவை. அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கணக்கை முடிக்காமல் இழுத்தடித்தபடி தொழிலை நடத்தினால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, விலகியவர் தன் பங்கைப் பயன்படுத்தி ஈட்டிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கே. 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-வது பிரிவு இது. பஞ்சாயத்துப் பேச்சில் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போய்விடுகிறது.

சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே பொதுவாக ஆறு மாதம் கிடைக்கும். வேலையெல்லாம் அந்த ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். இடத்தையோ கட்டடத்தையோ ஒருவர் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால், குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு; 2023 ஜூலையில் உயர்த்தியபோது அது 40,000 ரூபாய் ஆனது. தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி இல்லை. அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. தவணையில் பணம் தருவதென்றால் அதற்கு ஈடாக ஏதாவது ஒரு சொத்தை எழுதி வாங்க வேண்டும். ஜாமீனை முறித்துக்கொள்வதாக வங்கிக்கு நோட்டீஸ் கொடுத்தால் இனி எடுக்கும் கடனுக்குத்தான் அது பலிக்கும், பழைய பாக்கிக்குப் பலிக்காது. ஆகவே நடத்துகிறவர் வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவந்து நிறுத்தி, இவரை விடுவித்ததாக வங்கி எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும் வரை இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம்.