கீட்டமைனும் கால்நடை மருத்துவரும்: சட்டம் விதிக்கும் தண்டனைகள்

நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யவும், ஊருக்குள் புகுந்த காட்டு விலங்கை மயக்கிப் பிடிக்கவும் கால்நடை மருத்துவர்கள் நாடும் கீட்டமைன் என்னும் மயக்க மருந்து, மனிதரிடம் மாயத்தோற்றங்களை உண்டாக்கும் போதைப் பொருளாகவும் கைமாறுவதால், 2011 முதல் இந்தியாவின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் (1985) கட்டுப்பாட்டில் இருந்துவருகிறது. இச்சட்டத்தின் 8ஆம் பிரிவு மருத்துவப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தாலும், அந்த விலக்கு விதிகள் வகுத்த முறைப்படி மருந்தைக் கையாளுபவருக்கே உரியது என்பதால், கால்நடை மருத்துவப் பட்டம் மட்டுமே ஒருவருக்குக் காப்பாகிவிடாது.

விதியை மீறுபவருக்கான தண்டனையை, பிடிபட்ட அளவைக் கொண்டு 22ஆம் பிரிவு மூன்று படிகளாக வகுக்கிறது. கீட்டமைனைப் பொறுத்தவரை 'சிறு அளவு' எனப்படும் 10 கிராம் வரை ஓராண்டு வரையிலான கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதற்கு மேல், 'வணிக அளவு' எனப்படும் 500 கிராமுக்கு உட்பட்டிருந்தால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், வணிக அளவானால் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபதாண்டு கடுங்காவலும் ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இந்த அளவைக் கணக்கிடும் முறையும் கவனிக்கத்தக்கது. மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் மருந்து கொண்ட 10 மில்லிலிட்டர் குப்பியில் அரை கிராம் கீட்டமைனே இருந்தாலும், தூய மருந்தின் எடையை மட்டுமன்றிக் கரைசலின் முழு எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டு அறிவிக்கை. கலவைகளின் மொத்த எடையே அளவுகோல் என்பதை 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. இதன்படி ஒரே குப்பி சிறு அளவின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஐம்பது குப்பிகள் வணிக அளவை எட்டிவிடுகின்றன.

மேலும், குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 35ஆம் பிரிவு விதிப்பதால், அது இல்லை என ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர்மீதே விழுகிறது; வணிக அளவு வழக்குகளில் பிணை பெறுவதை 37ஆம் பிரிவு மிகவும் கடினமாக்குகிறது. தண்டனை பெற்றவர் சிறையோடு தொழிலையும் இழக்க நேரிடலாம். ஏனெனில் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் (1984) கீழ் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் வழியுண்டு.

ஆகவே எந்த விலங்குக்கு, எந்த நாளில், எத்தனை மில்லிலிட்டர் செலுத்தப்பட்டது, குப்பியில் மீதம் எவ்வளவு என்று அன்றன்றே எழுதப்படும் பதிவேடுதான் நேர்மையான மருத்துவருக்கு உறுதியான சான்று. வழக்குக்கு அஞ்சி மருத்துவர்கள் இம்மருந்தையே தவிர்த்தால் அதனால் வரும் வலியை வாயில்லா உயிர்களே சுமக்கும் என்பதால், இவ்விதிகளைக் கிராமப்புற மருத்துவர்கள்வரை தெளிவாகக் கொண்டுசேர்ப்பது அரசின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.