எவரெஸ்ட்டும் கௌரிசங்கரமும்

திருச்சிற்றம்பலம்

மலையரசன் மகளை மணந்தவன் நம் பெருமான். அம்மையை மலைமகள் என்றும் பார்ப்பதி என்றும் அழைக்கும்போதே இமயம் நம் நினைவில் எழுகின்றது. அவ்விமயத்தின் மிகவுயர்ந்த முடிக்கு ஓர் ஆங்கில அதிகாரியின் பெயர் அமைந்தது எவ்வாறு? ஒரு காலத்தில் அதனையே கௌரிசங்கரம் எனவும் வழங்கினரே, அது பொருந்துமா? இவ்விரண்டையும் ஈண்டுச் சிந்திப்போம்.

இந்திய நில அளவைத் துறையினர் அம்முடியைத் தொலைவிலிருந்தே கருவிகளால் நோக்கி, பதினைந்தாம் சிகரம் என எண் மட்டும் இட்டிருந்தனர். அதன் உயரத்தைக் கணக்கிட்டதில் இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித அறிஞருக்குப் பெரும்பங்கு உண்டு. 1856-இல் துறைத் தலைவர் ஆண்ட்ரூ வா, அதன் உயரம் 29,002 அடி என அறிவித்து, தமக்கு முன் அப்பதவி வகித்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயரைச் சூட்டலாம் என்றார். நேபாளமும் திபெத்தும் அயலாருக்கு வாயிலடைத்திருந்தமையால் உள்ளூர்ப் பெயரை அறியக் கூடவில்லை என்பது அவர் கூறிய காரணம். வியப்பு யாதெனின், அதனை மறுத்தவர் எவரெஸ்ட்டே! இந்நாட்டார் தம் பெயரை உச்சரிக்கவும் இந்தியில் எழுதவும் இயலாது என 1857-இல் அவர் எடுத்துரைத்தார். எனினும் 1865-இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அப்பெயரையே ஏற்றது.

அம்மலை பெயரற்றுக் கிடந்ததோ? அன்று. வடபால் வாழும் திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்றனர். சோமோ என்பது தேவியைக் குறிக்கும் சொல். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் வெளியான திபெத்து வரைபடத்திலேயே அப்பெயரின் வடிவம் காணப்படுகின்றது. பின்னாளில், 20-ஆம் நூற்றாண்டில், நேபாள வரலாற்றறிஞர் பாபுராம் ஆசாரியர் சாகர்மாதா என்னும் பெயரை எழுதிப் பரப்பினார். நேபாள அரசும் அதனை ஏற்றது.

இனிக் கௌரிசங்கரத்துக்கு வருவோம். ஹெர்மன் ஷ்லாகின்ட்வைட் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர், 1850-களில் காட்மாண்டுப் பகுதியிலிருந்து நோக்கி, கௌரிசங்கரமே அம்மிகவுயர்ந்த முடி எனக் கருதினார். ஐரோப்பிய நாட்டுப் படங்கள் சிலவற்றிலும் அப்பெயர் நெடுங்காலம் நிலவியது. சைவர் செவிக்கு இஃது இனிய செய்தியே. ஆயினும் 1903-இல் ஹென்றி உட் என்னும் அளவையாளர் நேபாளம் சென்று ஆராய்ந்து, இரண்டும் வெவ்வேறு மலைகள் என நிறுவினார். மெய்யான கௌரிசங்கரம் ஏறத்தாழ 58 கிலோமீட்டர் மேற்கே, 7,134 மீட்டர் உயரத்தில், இரட்டை முடியாய் நிற்கின்றது. ஒரு முடி கௌரி, மற்றொன்று சங்கரன். அதே மலையைச் செர்ப்பா மக்கள் சோமோ செரிங்மா என்னும் தேவியின் இருப்பிடமாக வணங்குவர். இரு பெயரும் வணங்கியோர் இட்டவை; ஆதலின் ஒன்று மற்றொன்றை அழித்ததில்லை.

இங்கே நாம் உணரத்தக்கது யாது? அதிகாரியின் பெயரை ஏற்றியது முறையன்று என்போமாயின், பிறர் தேவியாக வணங்கும் மலைமேல் நம் அம்மையப்பரின் பெயரை ஏற்றுவதும் முறையன்று. திருவண்ணாமலைக்கு எவரேனும் ஒரு துரையின் பெயரைச் சூட்டியிருந்தால் வலம் வரும் அடியார் மனம் எவ்வளவு வருந்தும்! அவ்வருத்தம் சோமோலுங்மாவின் அடிவாரத்து மக்களுக்கும் உண்டன்றோ? மலையின் நிழலில் வாழ்ந்து, அதனை நோக்கிக் கைகுவிப்போர் நாவில் வழங்கும் பெயரே அதற்குரிய பெயர்.

கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தவர் காரைக்கால் அம்மையார் எனப் பெரியபுராணம் கூறும். மலையை அணுகும் முறையை அப்பேயார் நமக்குக் காட்டினார். காலால் மிதிக்க அஞ்சிய மரபினர், பெயரால் மிதிக்கவும் அஞ்சுதல் வேண்டும்.

2020-இல் நேபாளமும் சீனமும் இணைந்து அம்முடியின் உயரம் 8,848.86 மீட்டர் என அறிவித்தன. அளவு திருந்தியது போல வழக்கும் திருந்துக. எவரெஸ்ட் எனப் பள்ளியில் பயிலும் நம் சிறார்க்குச் சோமோலுங்மா, சாகர்மாதா என்னும் பெயர்களையும் சொல்லித் தருவோமாக. கௌரிசங்கரத்தை அது நிற்கும் இடத்திலேயே நினைந்து தொழுவோமாக.

திருச்சிற்றம்பலம்