உப்பளத்தில் குடியேறிய அமெரிக்க இறால்

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து உப்பேறும்போது, ஒரு கட்டத்துக்கு மேல் மீனால் அதில் பிழைக்க முடியாது. ஆர்ட்டீமியா எனப்படும் உவர்நீர் இறால் அங்கேதான் செழித்து வாழ்கிறது. நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். பதினோரு ஜோடிக் கால்களை அசைத்தபடி மல்லாந்து நீந்தும். பாசியை இது தின்று தீர்ப்பதால் நீர் தெளிகிறது, உப்பும் சுத்தமாக விளைகிறது. பூநாரை போன்ற பறவைகளுக்கு இதுவே இரை. நம் கடற்கரையின் பூர்வீக ஆர்ட்டீமியாவில் ஆண் துணை தேவையில்லை. பெண்ணே தனித்து இனம் பெருக்கும். அந்தப் பூர்வீக இனத்தின் இடத்தை இன்று ஆர்ட்டீமியா பிரான்சிஸ்கானா என்ற அமெரிக்க இனம் பிடித்துவருகிறது. உப்பளம் மனிதன் வெட்டியதுதான் என்பதற்காக இந்த இழப்பை அலட்சியப்படுத்தக் கூடாது.

அமெரிக்க இனம் இங்கே வந்தது டப்பாவில் அடைக்கப்பட்ட முட்டையாக. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு முக்கிய உயிர்த் தீவனம் ஆர்ட்டீமியாதான். அதற்கான உறைமுட்டைகள் பெருமளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் அள்ளப்படுகின்றன. ஒரு முட்டை கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. காய்ந்திருக்கும்போது ஒரு பக்கம் குழிந்த பழுப்புத் தூள்; கடல்நீரில் போட்டால் உப்பி உருண்டையாகி, ஏறக்குறைய ஒரு நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சு வெளியே வரும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். எனவே கழிவுநீரோடு தப்பும் ஒரு சிட்டிகையே ஓர் உப்பளத்தை நிரப்பப் போதும். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய உப்பளங்களில் நடந்த இந்த இடமாற்றத்துக்கு நீர்வாழ் உயிரின வளர்ப்பையே காரணமாகக் காட்டியது. போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ் உப்பளங்களிலும் இதே கதைதான்.

வந்த இனம் வெல்வதற்குக் காரணங்கள் உண்டு. அது வேகமாக வளர்ந்து அதிகமாகக் குஞ்சு பொரிக்கிறது. ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது சில தலைமுறைகளுக்குள் பிரான்சிஸ்கானாவே மேலோங்கியது. ஸ்பெயினில் கண்ட இன்னொரு காரணம் நாடாப்புழு. பறவைகளிடம் போய்ச் சேரும் இப்புழுவின் இளம்பருவம் இறாலின் உடலில் கழிகிறது. தொற்றிய இறாலின் இனப்பெருக்கம் முடங்கிவிடும். பூர்வீக இனத்தில் இத்தொற்று மிகுதி. புதிதாக வந்ததில் குறைவு.

எந்த ஆர்ட்டீமியாவானாலும் பாசியைத் தின்கிறது, பறவைக்கு இரையாகிறது. பிறகென்ன நஷ்டம் என்று கேட்கலாம். உப்பு விளைச்சலை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மனிதன் வெட்டிய ஏரியில் வாழும் கெண்டையும் கெளுத்தியும் நம் மண்ணின் மீன்கள்தானே? உப்பளத்து இறாலும் அப்படித்தான். நம் வெயிலுக்கும் பருவமழைக்கும் பழகிய மரபுவழி அது. ஒருமுறை அழிந்தால் எந்த டப்பாவிலும் கிடைக்காது. இறால் வளர்ப்போரின் சொந்த நலனும் இதில் இருக்கிறது. 2022-இல் யூட்டாவின் பெரிய உப்பு ஏரி வரலாறு காணாத அளவு வற்றி, உப்பு மிகுந்து, அங்குள்ள ஆர்ட்டீமியாவே ஆபத்துக்குள்ளானது. ஒரே ஏரியைப் பெரிதும் நம்பியிருக்கும் தொழிலுக்கு வேறு மரபுவழிகள் காப்பீடு.

பறவைகள் எப்படியும் முட்டைகளைச் சுமந்துபோகும், தடுத்துப் பயனில்லை என்பது அடுத்த வாதம். பறவையின் இறகிலும் குடலிலும் முட்டை பயணிப்பது உண்மை. ஆனால் பசிபிக்கைக் கடந்து இங்கே வந்தது வணிகத்தின் வழியாக. பறவை பரப்புவது ஏற்கெனவே குடியேறியதைத்தான். பரவிய உப்பளத்திலிருந்து அதை நீக்குவது நடைமுறையில் இயலாது என்பதால், இனி செய்ய வேண்டியதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். பொரிப்பகக் கழிவுநீரை நுண்வலையால் வடிகட்டிக் கிருமிநீக்கம் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும். உப்பளங்களில் அயல் முட்டைகளைத் தூவுவதைத் தடைசெய்ய வேண்டும். பூர்வீக இனம் எஞ்சியுள்ள பாத்திகளைக் கண்டறிந்து, அவற்றின் முட்டைகளைச் சேகரித்து வைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் பல ஆண்டுகள் உயிர்ப்போடு இருப்பவை அவை. இவ்வளவு குறைந்த செலவில் காப்பாற்றக்கூடிய உயிரினங்கள் அதிகமில்லை.