குரலுக்கும் ஓய்வு வேண்டும்

"பாதர், என்ர சத்தம் வருகுதில்லை."

முன்பள்ளி ஆசிரியை ஒருவர் இதை வாயாற் சொல்லவில்லை. கொப்பித் தாளில் எழுதி எம்மிடம் நீட்டினார். தகரக் கொட்டகையில் 38 பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர் அவர். பக்கத்தில் நீரிறைக்கும் இயந்திரம். மாரியில் கூரைமேல் மழையின் இரைச்சல். இரண்டு மாதமாக அவருடைய குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும், "பின்னுக்கு இருக்கிற பிள்ளைகளுக்குக் கேக்குதில்லை, கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ" என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் நாமே.

நுகம் பட்டு மாட்டின் கழுத்துப் புண்ணானால் அன்று நாம் ஏர் பூட்டுவதில்லை. தொண்டை புண்ணானால் மட்டும் ஏன் தொடர்ந்து பூட்டுகின்றோம்?

குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல்நாண்கள் என்பர். நாம் பேசும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. சாதாரண பேச்சில் ஆணின் குரல்நாண்கள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 100 முதல் 130 தடவையும், பெண்ணின் குரல்நாண்கள் 200 தடவையளவிலும் அதிரும். ஆசிரியைகளின் குரல் விரைவாகக் களைத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கத்தும்போது மோதல் பலமாகின்றது. நாளாந்தம் கத்தினால், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதுபோல அங்கும் தடிப்பு ஏறும்.

சுற்றியுள்ள இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகின்றான். பிரெஞ்சு வைத்தியரான லொம்பார்ட் இதனை 1911இல் எடுத்துக்காட்டினார். எனவே முதலில் குறைக்க வேண்டியது இரைச்சலையே. வகுப்பு நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்ததாக, கேட்பவர்களைக் கிட்ட அழையுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலியின் செறிவு நான்கு மடங்காகும்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட பின்னர், மரநிழலில் படித்தவர்களில் நாமும் அடங்குவோம். எமது கணித ஆசிரியர் எப்போதும் காற்று முதுகில் படும்படி நின்றே படிப்பிப்பார். அவருடைய குரலைக் காற்றே எம்மிடம் கொண்டுவந்தது. அதன் அருமை அன்று எமக்குத் தெரியவில்லை.

சந்தையில் விலை கூவுபவர்கள் மட்டையில் விலையை எழுதித் தொங்கவிடலாம். வயலில் குருவி கலைப்பவர்களுக்கு வெறும் தகர டின் போதும், தொண்டை வேண்டாம். தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். இஞ்சித் தேநீர் இதமானதுதான். ஆனால் குடிப்பது எதுவும் குரல்நாணில் படுவதில்லை. அது உணவுக் குழாய் வழியே போய்விடும். குரல் அடைத்தபோது பலர் குசுகுசுத்துப் பேசுவர். அழுத்திக் குசுகுசுப்பதும் தொண்டைக்குச் சிரமமே. ஒன்றில் மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள், இல்லையேல் பேசாதிருங்கள். அடிக்கடி செருமுவதும் அந்த மடிப்புகளை உரசுவதுதான். ஒரு மிடறு தண்ணீரை விழுங்குவது மேல். (இதை எழுதும்போதே இரண்டு தடவை செருமிவிட்டோம்.)

குரல் கம்மியபடி மூன்று வாரம் சென்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சுருட்டு, பீடி பிடிப்பவர்களும் புகையிலையோடு வெற்றிலை போடுபவர்களும் அதுவரைகூடப் பொறுத்திருக்கக் கூடாது. தொண்டைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம். விழுங்கக் கடினம், மூச்சு முட்டல், இரத்தம், கழுத்தில் கட்டி என்றால் உடனே செல்லுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு.

அந்த ஆசிரியைக்குக் குரல்நாணில் சிறு தடிப்பு இருந்தது. சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. சில நாள் முழு ஓய்வும், பின்னர் குரற்பயிற்சியும் வேண்டும் என்றார் வைத்தியர். ஓய்வு நாட்களுக்கும் கொடுப்பனவு வழங்கும்படி நிர்வாகக் குழுவிடம் வாதாடினோம். மூன்று வாரத்துக்கே இசைந்தார்கள். அது போதாது என்பதே எமது எண்ணம். குரல் கெட்டது வேலையினால்தானே? அந்நாட்களில் அயலிலிருந்து ஓர் ஆச்சி வந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்.

இப்போது ஆசிரியை திரும்பி வந்துவிட்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றி அரைவட்டமாகப் பாயில் இருக்கின்றார்கள். மேசையில் பழைய சைக்கிள் மணி ஒன்று. அதை ஒரு தடவை அடித்தால் 38 வாய்களும் மூடிக்கொள்ளும், பெரும்பாலும்.