பாட்டரிக்கும் ஒரு பேரேடு

கீழணையிலிருந்து வரும் நீரை நம்பிச் சம்பா பயிரிடும் குமராட்சி வட்டார அங்கத்தினர்களுக்குப் பாய்ச்சலும் காய்ச்சலுமாக நெல் வளர்க்கும் முறை தெரியாததன்று. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் அளவு வகுத்துத் தந்தது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதனுள் நீர் மண்மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி பாய்ச்ச வேண்டும்; பூக்கும் பருவம் மட்டும் விலக்கு. அக்குழாயை எட்டிப் பார்க்கும் வேலையைச் சிறு மின்னணுப் பலகையிடம் ஒப்படைக்கலாமே என்று படித்த இளைஞர்கள் கேட்கின்றனர். 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய ‘ஆர்டுவினோ’ இப்பணிக்கு ஏற்றதே. ஆனால் வயல் நடுவே மின்கம்பம் ஏது? பாட்டரியே கதி.

சங்கத்துப் பணம் சேற்றில் போவதும் இங்கேதான். கடையில் எளிதாகக் கிடைக்கும் 9 வோல்ட் சிறு பாட்டரியின் கையிருப்பு சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. ஆர்டுவினோ யூனோ வெறுமனே விழித்திருப்பதற்கே ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் செலவிடும். வகுத்துப் பார்த்தால் 10 மணி நேரம்; காலையில் மாட்டினால் அந்திக்குள் ஓய்ந்துவிடும். அதிலும் பலகைக்கு வேண்டியது 5 வோல்ட். எஞ்சிய 4 வோல்ட்டை அதிலுள்ள சீராக்கி வெறும் சூடாக்கிக் கழிக்கிறது. ரூபாய்க்கு 44 காசு கழிவாகப் போகும் கொள்முதலை எந்த நிர்வாகக் குழு ஒப்பும்?

பெரிய பாட்டரி வாங்கினால் தீர்ந்தது என்பர். செலவு குறையாதவரை அது தவணையை நீட்டுவதே ஆகும். குழாயில் நீர் ஒரு மணிக்குள் ஓடி மறைந்துவிடாது. ஆகவே கருவி மணிக்கொருமுறை 10 விநாடி விழித்து அளந்துவிட்டு உறங்கட்டும். விழிப்பில் 15 மில்லி ஆம்பியர், உறக்கத்தில் 0.05 என்று கொண்டால், நாளொன்றுக்கு 2.2 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகாது. மூன்று ‘டபிள் ஏ’ ஆல்கலைன் பாட்டரிகளை வரிசையாக இணைத்தால் 4.5 வோல்ட்டும் சுமார் 2,000 மில்லி ஆம்பியர்-மணியும் கிடைக்கும். ஒரு சம்பாப் பருவம் முடிந்தும் மிச்சமிருக்கும். யூனோவை அப்படியே உறங்கவைத்தால் இச்சிக்கனம் வாராது. அதிலுள்ள சிறு விளக்கும் யூ.எஸ்.பி. சில்லும் சீராக்கியும் உறங்குவதில்லை! அவையில்லாத சிறு பலகையே உகந்தது.

கைபேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டுமெனில் கணக்கு மாறும். பழைய ஜி.எஸ்.எம். பகுதி, அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சிறு பாட்டரியின் அழுத்தம் அப்போது சரிந்து, பலகை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவர் பலகை கெட்டதென்று எறிந்துவிடுவார். அங்கே லித்தியம் பாட்டரி வேண்டும். அதையும் சித்திரை வெயிலில் மூடிய தகரப் பெட்டிக்குள் வைத்துச் சூரியத் தகட்டால் மின்னேற்றலாகாது. சாதாரண லித்தியம் வகைகளுக்கு 45 டிகிரி செல்சியஸ் மின்னேற்ற எல்லை.

வாங்கும் தீர்மானத்திற்கு முன், விற்பவரிடம் உறக்கத்தில் எத்தனை மில்லி ஆம்பியர் என்று எழுத்தில் கேட்டு வாங்குக. பின் மல்டிமீட்டரைப் பாட்டரிக் கம்பியின் இடையில் இணைத்து, சங்க அலுவலகத்திலேயே அளந்து பார்க்கலாம்.