ஒரே மணி, இரு வழிகள்: கேரள எல்லைத் தமிழ் மாணவர்களும் இணையக் கல்வியும்

கேரளத்தில் 2020 ஜூன் 1-ஆம் தேதி பள்ளிக்கூடங்கள் திறக்கப்படவில்லை. ஆனால், கல்வியாண்டு தொடங்கியது. கரோனா பொது முடக்கத்துக்கு நடுவே, மாநில அரசின் "கைட்" நிறுவனம் நடத்தும் "விக்டர்ஸ்" தொலைக்காட்சியில் "ஃபர்ஸ்ட் பெல்" என்ற பெயரில் அன்று காலை 8.30 மணிக்கு வகுப்புகள் தொடங்கின. இணைய இணைப்பும் திறன்பேசியும் இல்லாத வீட்டில்கூட ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் போதும் என்பதே அத்திட்டத்தின் வலிமை. அதுவும் இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுத்து, அவர்களுக்காகப் பொது இடங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைக்கும் முயற்சியும் நடந்தது. தில்லியில் மத்திய அரசு அதிகாரிகள் தொலைக்காட்சி வழிக் கல்வியைப் பற்றித் திட்டமிட்டுக் கொண்டிருந்தபோது, கேரளம் அதை நடத்திக் காட்டிக் கொண்டிருந்தது.

அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறிலும் வண்டிப்பெரியாறிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மணி வேறு வழியாக ஒலித்தது. விக்டர்ஸின் பொது ஒளிபரப்பு மலையாளத்தில் அமைந்தது. தமிழ்வழிப் பாடங்கள் தமிழாசிரியர்களைக் கொண்டு தனியே பதிவு செய்யப்பட்டு, முதன்மையாக யூடியூப் வழியே அளிக்கப்பட்டன. காசர்கோட்டின் கன்னடவழி மாணவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை ஏதும் தெரியாது. பாடம் ஒன்றே, பாடத்திட்டம் ஒன்றே. மொழி மட்டுமே வேறு. உண்மையில் வேறுபட்டது மொழி மட்டுமன்று. மலையாளப் பாடம் வானலை வழியாக வீட்டுக்கே வந்தது. தமிழ்ப் பாடத்துக்கோ திறன்பேசி, இணையச் சமிக்ஞை, மாதந்தோறும் டேட்டாவுக்குப் பணம் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. மாநிலத்தில் இணைய இணைப்பு மிகவும் நலிந்த பகுதிகளில் தேயிலைத் தோட்ட மலைகளும் அடங்கும். அந்தத் தோட்டங்களில்தான் தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன.

இந்தச் சிக்கல் நாட்டுக்குப் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, 6 மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்கு இந்தியா கல்வி ஒளிபரப்பு நடத்தியது. "சைட்" என்ற அந்தச் சோதனையிலேயே ஒரு படத்துக்கு இரண்டு ஒலித்தடங்கள் அனுப்பப்பட்டன. ஒரே காட்சியை இரண்டு மொழிக்காரர்கள் தத்தம் மொழியில் கேட்க முடிந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தியப் பொறியாளர்கள் கைக்கொண்ட உத்தி அது. இன்று ரிமோட்டின் ஒரு பொத்தானை அழுத்தினால் டிஸ்கவரி அலைவரிசையில் சிங்கத்தின் கதையைத் தமிழில் கேட்க முடிகிறது. கணக்குப் பாடத்துக்கு மட்டும் அந்த வசதி எட்டவில்லை.

ஒலித்தடம் மட்டுமே தீர்வாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். திரையில் எழுதப்படும் சொற்களும் படவிளக்கங்களும் மலையாளத்தில் இருக்கும்போது காதில் விழும் தமிழ், பாதிப் பாடமாகவே நிற்கும். எனவே, தனிப் பதிவு தேவைதான். அந்தத் தனிப் பதிவையும் வானலையில் ஏற்றியிருக்க வேண்டும் என்பதே கேள்வி.

விக்டர்ஸின் பிறப்பே செயற்கைக்கோளோடு பிணைந்தது. 2004 செப்டம்பர் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட், கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். அதைப் பயன்படுத்தி 2005-இல் திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் சேவையைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பைத் தொடங்கிய ஒருவர் தொடங்கி வைத்த அலைவரிசையில் தமிழ்வழிப் பிள்ளைகளின் பாடம் ஓரத்துக்குப் போனது ஒரு முரண்.

கல்வித் தொலைக்காட்சி உதவியிருக்காதா?: தமிழக அரசு 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிவிட்டது. சித்தூர் தாலுகாவிலிருந்து பொள்ளாச்சி கூப்பிடு தூரம். அதைப் பார்த்துப் படித்திருக்கலாமே என்று சென்னையிலும் தில்லியிலும் கேட்பவர்கள் உண்டு. எல்லையை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்களின் கேள்வி அது. கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிகள் கேரளப் பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன. மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் நூல்கள்தாம் அங்கே தமிழாக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்பு மாணவர் எழுதுவது கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. தமிழ்நாட்டுப் பாடம் மொழியால் அவருக்கு நெருக்கம், தேர்வால் அந்நியம்.

இந்த இரண்டுங்கெட்டான் நிலை 1956 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் சித்தூர் பகுதியும் கேரளத்தோடு நின்றன. அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆவது திருத்தம், 350-ஏ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. எல்லை பிரித்த கையோடு கொடுக்கப்பட்ட உறுதிமொழி அது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று 29-ஆவது பிரிவில் கூறுகிறது. இரண்டிலும் "முயல வேண்டும்", "இயன்றவரை" என்ற சொற்கள் இருப்பதை அரசுகள் மறப்பதில்லை.

மலைமுகட்டில் வகுப்பறை: மூணாறுக்கு அருகே ராஜமலைப் பகுதித் தோட்டங்களின் மாணவர்கள் சமிக்ஞை தேடி இரவிகுளம் தேசியப் பூங்காவின் பக்கம் ஏறிச் சென்று படித்த செய்தியும் படங்களும் 2021-இல் நாடெங்கும் வெளிவந்தன. வரையாடுகள் மேயும் சரிவில், மழைக்குக் குடை பிடித்தபடி வகுப்பு. படத்துக்கு அது அழகு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது தினசரி நடை.

தகவல் தொடர்பு இல்லாமை படிப்பை மட்டுமா கெடுத்தது? 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, அதே ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. காணாமற்போனவர்களையும் சேர்த்து 70 உயிர்கள் பலியாயின. அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலோர் தமிழர்கள், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் பலர். தொலைபேசித் தொடர்பு இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். யூடியூபில் பாடம் ஏற்றப்பட்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. உதவி கேட்டு ஓர் அழைப்பு விடுக்கக்கூட வழியில்லாத இடத்தில் காணொளிப் பாடம் எப்படி இறங்கியிருக்கும் என்பதைத் திட்டம் தீட்டியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

தில்லி இதில் என்ன செய்தது? தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று (2017-18) ஊரகக் குடும்பங்களில் 14.9 சதவீதத்துக்கே இணைய வசதி உண்டு என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தது. 2021 ஆகஸ்டில், பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இடைவெளி குறித்து நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழு அறிக்கை அளித்தது. 2022 ஜூலையில், அலைபேசிச் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு ரூ.26,316 கோடியில் 4-ஜி சேவை அளிக்கும் பி.எஸ்.என்.எல். திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. இவையெல்லாம் தேவையானவை.

ஆனால், "கிராமம்" என்ற கணக்கீட்டு அலகிலேயே தோட்டப் பகுதிக்கு ஒரு பொறி இருக்கிறது. மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகள் முழுவதும் ஆவணங்களில் ஒரே வருவாய்க் கிராமம். மூணாறு நகரில் சமிக்ஞை கிடைத்தால் "கிராமத்துக்குச் சேவை உண்டு" என்று எழுதிவிட முடியும். மலைக்கு அப்பால் உள்ள டிவிஷன்கள் அந்த ஒற்றை வரிக்குள் மறைந்துவிடும். தோட்டப் பகுதிகளை எந்த அலகில் கணக்கிடுகிறீர்கள் என்று கேரள, தமிழக உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

சட்டம் முன்னே சென்றுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விடுதியில் அலைபேசிக்குத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மாநில அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழைத் திட்டம் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. அந்தப் பட்டியலில் லயங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைப் பொறுத்தே மலைத் தமிழர்களுக்கு அதன் பொருள் அமையும்.

கேரளம் தமிழைப் புறக்கணிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் நேர்மையாகாது. 2024-இல் வெளிவந்த தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடப்பட்டன. ஏழாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் படிக்க வழி உண்டு. எண்ணம் இருக்கிறது, கடைசி மைல்தான் கோளாறு. 2021 மே மாதம் தேவிகுளம் சட்டப்பேரவை உறுப்பினர் ஆ. ராஜா தமிழில் பதவியேற்றபோது, அவருக்குத் தரப்பட்ட உறுதிமொழியின் தமிழாக்கத்தில் ஒரு பகுதி விடுபட்டிருந்ததால் அவர் மறுமுறை பதவியேற்க நேர்ந்தது. பேரவையிலேயே மொழிபெயர்ப்பு இப்படியென்றால், பாடக் காணொளிகளைச் சரிபார்க்க எத்தனை கண்கள் தேவைப்படும் என்பதை ஊகிக்கலாம்.

இணையக் கல்வியால் எல்லைத் தமிழர்களுக்கு இழப்பு மட்டுமே என்று கருத வேண்டியதில்லை. 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு சூத்திரம் வகுத்தது. பள்ளியில் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் அவர்களின் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பதே அது. மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளின் அடித்தளமாக இன்றளவும் பேசப்படுவது இந்த 10-40 கணக்கே. தோட்ட வேலை குறைந்து குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கும்போது, எண்ணிக்கை பத்துக்குக் கீழே போய்விட்டால் வகுப்புக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கும் ஆபத்து.

நேரலை வகுப்பு வந்த பின் அந்தப் பத்துப் பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறையூரில் நால்வர், பூப்பாறையில் மூவர், முதலமடையில் மூவர் என்றிருந்தாலும் ஒரு தமிழாசிரியரின் கணக்குப் பாடத்தில் அவர்கள் ஒரே வகுப்பாக அமரலாம். பள்ளிக்கூடத்தில் கணினியும் திரையும் கேரளத்தில் ஏற்கெனவே உள்ளன. வேண்டியது, சிதறிக் கிடக்கும் பிள்ளைகளைச் சேர்த்து எண்ணலாம் என்ற ஓர் அரசாணை. 350-ஏ பிரிவின்கீழ் மாநிலங்களுக்கு நெறிமுறை வழங்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 350-பி பிரிவின்கீழ் இயங்கும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டியவை. பள்ளி, ஆசிரியர், பாடநூல் என்று எண்ணி வந்த அந்த அறிக்கைகளில், ஒளிபரப்பான பாடம் எத்தனை மணி நேரம், எந்த மொழியில், எந்த வழியில் என்ற பத்தியையும் சேர்க்கக் கோரி ஓர் உறுப்பினர் மனு அளித்தால் போதும்; அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.