படையெடுப்பு நடக்குமா? ஒரே சொல்; ஆளுக்கு ஓர் அர்த்தம்!

ஆங்கிலத்தில் "பாசிப்லி" என்று ஒரு சொல் இருக்கிறது. "நடந்தாலும் நடக்கலாம்" என்பது அதன் பொருள்.

சின்னச் சொல்தான். ஆனால், அதன் குடும்பத்தைச் சேர்ந்த "பாசிபிலிட்டி" என்ற சொல், 1951-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்க அதிகாரிகளைத் திடுக்கிட வைத்தது.

டிட்டோவுக்கு ஆபத்து

ஐரோப்பாவில் அப்போது யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்தது. அதன் தலைவர் டிட்டோ. அவருக்கும் ரஷியத் தலைவர் ஸ்டாலினுக்கும் 1948-ம் ஆண்டில் பகை மூண்டது. யூகோஸ்லாவியா மீது ரஷியாவின் ஆதரவு நாடுகள் பாயுமோ என்ற அச்சம் எழுந்தது.

"படையெடுப்பு நடக்குமா?" என்று அமெரிக்க உளவு இலாகா ஆராய்ந்தது. ஆராய்ந்த குழுவில் ஷெர்மன் கென்ட் என்பவர் இருந்தார். சரித்திரப் பேராசிரியராக வேலை பார்த்தவர்.

1951-ல் தாக்குதல் நடப்பது ஒரு "சீரியஸ் பாசிபிலிட்டி" என்று அறிக்கை எழுதினார்கள். "நடக்கக்கூடும், அலட்சியம் வேண்டாம்" என்பது அதன் கருத்து.

"நூற்றுக்கு எத்தனை?"

சில நாட்கள் சென்றன. வெளிநாட்டு இலாகா அதிகாரி ஒருவர் கென்ட்டிடம், "இதற்கு என்ன அர்த்தம்? நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"நடப்பதற்கு 65, நடக்காமல் இருப்பதற்கு 35" என்றார் கென்ட்.

அதிகாரி திடுக்கிட்டார். அவரும் அவருடைய சகாக்களும் அதை மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள்!

கென்ட்டுக்குக் கவலை வந்துவிட்டது. அறிக்கையை எழுதிய தம் சகாக்களையே ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருவர் நூற்றுக்கு 80 என்றார். இன்னொருவர் 20 என்றார். மற்றவர்கள் இடையில் நின்றார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட சொல். ஆனால் மனத்தில் இருந்த கணக்கு வேறு வேறு!

அந்தப் படையெடுப்பு நடக்கவே இல்லை. ஆனாலும் கென்ட் இதை மறக்கவில்லை.

சொல்லுக்கு விலை

சொற்களுக்கு அவர் ஓர் அட்டவணை போட்டார். "அநேகமாக நடக்கும்" என்றால் நூற்றுக்குச் சுமார் 75. "அநேகமாக நடக்காது" என்றால் சுமார் 30. "ஏறக்குறைய நிச்சயம்" என்றால் சுமார் 93. இதை 1964-ம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

"பாசிபிள்" என்ற சொல்லுக்கு மட்டும் அவர் எண் கொடுக்கவில்லை. கணக்குச் சொல்லவே முடியாத இடத்தில்தான் அது வரவேண்டும் என்றார்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. எண் வேண்டாம் என்றவர்களுக்குக் "கவிஞர்கள்" என்றும், எண் வேண்டும் என்றவர்களுக்குக் "கணிதக்காரர்கள்" என்றும் கென்ட் பெயர் சூட்டினார்!

மூன்று வேஷம்

"பாசிப்லி" என்ற சொல் மூன்று வேஷம் போடும்.

"ஹி மே பாசிப்லி கம்" என்றால், "அவர் வந்தாலும் வரலாம்." இது சந்தேகம்.

"குட் யூ பாசிப்லி ஹெல்ப் மி?" என்றால், "தயவு செய்து உதவ முடியுமா?" இங்கே சந்தேகம் இல்லை, மரியாதை.

"ஐ கான்ட் பாசிப்லி கம்" என்றால், "என்னால் வரவே முடியாது." இது கண்டிப்பு!

"பெர்ஹாப்ஸ்", "மேபி" என்ற சொற்களுக்கு "ஒருவேளை" என்று அர்த்தம். "ப்ராபப்லி" என்றால் "அநேகமாக". இது மற்றவற்றைவிட உறுதியானது. "பாசிப்லி" என்று எழுத வேண்டிய இடத்தில் "ப்ராபப்லி" என்று எழுதினால், படிப்பவர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்.

மழை வருமா?

வானிலை இலாகாவுக்கும் இதே சங்கடம் உண்டு. "மழை பெய்யலாம்" என்றால் குடை எடுப்பதா, வேண்டாமா? அமெரிக்க வானிலை இலாகா 1965-ம் ஆண்டு முதல், மழைக்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எண்ணாகவே நாடு முழுவதும் சொல்லத் தொடங்கியது.

வீட்டுக்கும் இது பொருந்தும். "பாசிப்லி நாளைக்குச் சாப்பிட வருகிறோம்" என்று உறவினர் சொல்லி அனுப்பினால், சும்மா இருந்துவிடாதீர்கள். "நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டு, பிறகு உலை வையுங்கள்!